இதயத்தில் எவ்வளவு இரும்பு என்று அந்தத் தாய்க்குச் சொல்லுங்கள்

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், திருகோணமலை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், நம் மாவட்டத்துத் தலசீமியா பிள்ளைகளைப் பராமரிக்கும் வைத்தியர்கள், தாதியர்கள் அனைவருக்கும்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. என் பெறாமகளுக்குத் தலசீமியா, உடம்பு போதிய நல்ல இரத்தத்தை உண்டாக்க முடியாத பரம்பரை நோய். தங்கச்சியின் பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோதே நோய் தெரிந்துவிட்டது. இப்போது பத்தாம் ஆண்டு படிக்கிறாள். இரத்தம் ஏற்றும் வார்டின் வாங்கில் அவளோடும் மற்றப் பிள்ளைகளின் தாய்மாரோடும் உட்கார்ந்து கதைத்துப் பழகியவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலசீமியா பிள்ளைகளுக்கு இதயத்தில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், உரிய வயது வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தவறாமல் கிடைக்க ஒழுங்கு செய்யுங்கள். எடுத்த பிறகு அந்தப் படத்தையும் எண்ணையும் பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் காட்டி, அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள். அதோடு, இந்த நோயைத் தரும் மரபணு நம்மிடம் ஏன் இருக்கிறது என்ற கதையையும் சொல்லுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கை சிலருக்கு வைத்தியசாலைக்குத் தேவையில்லாத பாடமாகத் தோன்றலாம். எனக்கு அது மருந்தைப் போலவே முக்கியமாகப்படுகிறது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லவேண்டியிருக்கிறது. இந்த மடலைப் பெற்றோரும் வாசிப்பார்கள். ஏற்றுகிற ஒவ்வொரு பை இரத்தத்தோடும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உடம்புக்குள் போகிறது. நம் உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றுவது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மிச்சத்தைத் தள்ளிவிட இயற்கை ஒரு வழியும் வைக்கவில்லை. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றும் பிள்ளையின் ஈரலிலும், சுரப்பிகளிலும், கடைசியில் இதயத் தசையிலும் அது போய்ப் படிகிறது. தலசீமியா பிள்ளைகளின் உயிரை நீண்டகாலமாகக் கூடுதலாகப் பறித்தது இரத்தக் குறைவல்ல, இதயத்தில் சேர்ந்த இந்த இரும்புதான்.

அதை வெளியே எடுக்கத்தான் டெஸ்ஃபெரால் பம்ப். வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசியைக் குத்தி, இரவு முழுக்க, கிழமையில் ஐந்து ஆறு நாட்களாவது மருந்து மெல்ல மெல்ல இறங்கவேண்டும். குத்திய இடமெல்லாம் கட்டி கட்டியாக வீங்கிவிடும். அடுத்த ஊசிக்கு இடம் தேடவேண்டும். காலையில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் என் தங்கச்சிக்கு நிம்மதி, இரும்பு போகிறது என்று. இப்போது குளிசைகளும் வந்துவிட்டன, அது பெரிய ஆறுதல். ஆனாலும் நாள் தவறாமல், வருத்தம் ஒன்றும் வெளியே தெரியாத பிள்ளைக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பது எவ்வளவு பாரம் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பதின்ம வயது வந்ததும் பிள்ளைகள் பம்பை மறைக்கத் தொடங்குகிறார்கள். தோழியின் வீட்டில் ஓர் இரவு தங்கமுடியாது. ‘ஒரு நாள்தானே’ என்று விடுகிறார்கள், பிறகு அது பல நாளாகிறது.

இங்கேதான் ஸ்கேனின் பெறுமதி. உடம்பில் சேர்ந்த இரும்பை மதிப்பிட இரத்தத்தில் பார்க்கும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவை வைத்து இதயத்தின் நிலையைச் சொல்லிவிட முடியாது. லண்டன் றோயல் பிரொம்ப்டன் வைத்தியசாலையின் ஆய்வாளர்கள் 2001 இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். இதயத் தசையில் இருக்கும் இரும்பு ஃபெரிட்டினோடும் ஒத்துப்போகவில்லை, ஈரலில் இருக்கும் இரும்போடும் ஒத்துப்போகவில்லை. ஈரல் சுத்தமாக இருக்கும், இதயம் நிறைந்திருக்கும். அவர்கள் பயன்படுத்திய எம்.ஆர்.ஐ. அளவைக்கு டி2 ஸ்டார் என்று பெயர். காந்தப் புலத்துக்குள் நம் உடம்பின் நீரில் உள்ள ஐதரசன் அணுக்கள் ஒரு சமிக்ஞையைத் தருகின்றன. பக்கத்தில் இரும்பு இருந்தால் அந்தப் புலம் குழம்பி, சமிக்ஞை சீக்கிரமாக மங்கிவிடும். எவ்வளவு சீக்கிரம் என்பதை மில்லி செக்கனில் அளக்கிறார்கள். 20 மில்லி செக்கனுக்கு மேல் என்றால் கவலையில்லை. 20 இற்குக் கீழே என்றால் இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறது. 10 இற்குக் கீழே என்றால் ஆபத்து வாசலில் நிற்கிறது. 2009 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஸ்கேன் எடுத்து ஓராண்டுக்குள் இதயம் செயலிழந்தவர்களில் 98 சதவீதமானோருக்கு அந்த எண் 10 இற்குக் கீழேதான் இருந்தது.

கதிர்வீச்சு இல்லை, ஊசி மருந்து ஏற்றத் தேவையில்லை. பிள்ளை அசையாமல் படுத்து, சொல்லும்போது மூச்சைப் பிடித்தால் போதும். இந்த முறை 1999 இல் பிரித்தானியாவில் புழக்கத்துக்கு வந்த பிறகு, இரும்புச் சேர்க்கையால் ஏற்படும் தலசீமியா மரணங்கள் அங்கே ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தன என்று 2008 இல் கணக்கிட்டார்கள். நல்ல மருந்துகள் வந்ததும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்தைக் கூட்டவேண்டும் என்று காட்டிக்கொடுத்தது ஸ்கேன். டெஃபெரிபுரோன் குளிசை இதயத்து இரும்பை டெஸ்ஃபெராலைவிடக் கூடுதலாகக் குறைக்கிறது என்பதைக்கூட 2006 இல் இதே அளவையை வைத்துத்தான் நிறுவினார்கள்.

செலவு கூடிய ஸ்கேன், நேரம் எடுக்கும், இயந்திரத்துக்கு வரிசை என்று சொல்வீர்கள். நியாயம். ஆனால் தாய்லாந்தில் 2016 இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். சாதாரணமாக வைத்தியசாலைகளில் இருக்கும், காந்த வலு 1.5 டெஸ்லா கொண்ட எம்.ஆர்.ஐ. இயந்திரங்களையே வைத்து, இதயம், ஈரல் இரண்டையும் ஒருவருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்குள் பார்த்துவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களை அப்படிப் பார்த்தார்கள். அப்படியானால் ஒரு நாளை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினாலே ஒரு மாவட்டத்துக்குப் பெரும்பாலும் போதுமாயிருக்கும். நாட்டில் இந்தக் கணிப்பு எடுக்க முடிந்த இடத்தோடு பேசி, நம் பிள்ளைகளை ஒன்றாக ஒரு வாகனத்தில் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். ஈச்சிலம்பற்றிலோ புல்மோட்டையிலோ இருக்கிற ஒரு தகப்பன் தொழிலை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறிப் போய், திகதி தள்ளிப்போனது என்று கேட்டுத் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை அப்படித் திரும்பியவர் அடுத்த முறை போவதற்குப் பஞ்சிப்படுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, எங்கள் வீட்டில் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. பிள்ளைக்கு ஸ்கேன் திகதி கிடைத்ததும் மூச்சைப் பிடிக்கும் பயிற்சி வீட்டிலேயே தொடங்கியது. அம்மம்மா மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுவார், இவள் பாயில் படுத்து மூச்சைப் பிடிப்பாள். ஸ்கேன் நன்றாகவே முடிந்தது. சில கிழமை கழித்து ரிப்போர்ட் வந்தது, ஆங்கிலத்தில் சில வரிகள். தங்கச்சி அதை மடித்துக் கிளினிக் கொப்பியின் பின்மட்டைக்குள் வைத்தாள். அடுத்த கிளினிக்கில் மருந்து கூடியது. ஏன் கூடியது என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது, இவளும் கேட்கவில்லை. ஆனால் அதே கொப்பியில் ஃபெரிட்டின் குறைந்துகொண்டே வந்த கணக்கு இருந்தது. அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டிருந்தார்கள். ‘குறையுதுதானே, பிறகேன் கூட்டினம்?’ என்று தகப்பன் கேட்டார். பிள்ளையோ, ‘எவ்வளவு செய்தாலும் கூட்டத்தான் போறாங்க’ என்று பம்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

ரிப்போர்ட்டை என்னிடம் காட்டியபோது அதில் 14 மில்லி செக்கன் என்றிருந்தது. ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டு, 20, 10 என்று குறித்து, நடுவில் அவளுடைய இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டினேன். இரத்தத்தில் குறைந்தாலும் இதயத்தில் இன்னும் இருக்கிறது, மருந்து ஒழுங்காகப் போனால் இந்தப் புள்ளி வலது பக்கம் நகரும் என்று சொன்னேன். நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தாள். ‘அப்ப இது ஏறுமா, பெரியம்மா?’ என்று கேட்டாள். ஏறும் என்றேன். அந்தத் தாள் இப்போது அவளுடைய மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. பம்பை அவளே பூட்டுகிறாள்.

ஒரு பிள்ளையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று உயிரியல் படிப்பித்த எனக்குத் தெரியும். ஆகவே பெரிய ஆய்வு ஒன்றையும் சொல்கிறேன். சுவீடனின் வடக்கே வெஸ்டர்போட்டன் என்ற மாகாணத்தில் 3,532 பேருக்குக் கழுத்து இரத்தக் குழாய்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றப் பாதிப் பேருக்குத் தங்கள் இரத்தக் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறம் தீட்டிய ஒரு படமாக வரைந்து அனுப்பினார்கள். அவர்களைப் பார்க்கும் வைத்தியருக்கும் அனுப்பினார்கள். சில கிழமைக்குள் ஒரு தாதி போன் எடுத்து, விளங்கியதா, கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, படம் பெற்றவர்களுக்கு இதய நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 2018 இன் இறுதியில் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. எடுத்த படத்தை, அது யாருடைய உடம்போ அவரிடம் காட்டினார்கள்.

தலசீமியாவும் கழுத்து இரத்தக் குழாயும் வேறு வேறு நோய்கள். ஆனால் வெளியே தெரியாத ஆபத்துக்காக ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஸ்கேன் படம் வைத்தியருக்கு மட்டும் என்ற வழக்கத்தை நாம் மாற்றலாம். இதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியில் ஒட்ட ஒரு தாள், அதில் தமிழிலும் சிங்களத்திலும் நிறக் கோடு, பிள்ளையின் எண், போன முறை எண். பிறகு தாதியிடமிருந்து ஒரு போன். அவ்வளவுதான்.

சரி, மரபணுவின் கதைக்கு வருகிறேன்.

இரத்த வார்டில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம் கதை கேட்டிருக்கிறீர்களா? ‘உன்ட வழியிலதான் வந்தது’ என்று மாமியாரிடம் பேச்சு வாங்காத தாய் அங்கே குறைவு. ஒருத்தி, பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிரகணத்தைப் பார்த்துவிட்டதாக நம்பி அழுகிறாள். இன்னொருத்தி பத்திரகாளி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை முடிக்காததால்தான் என்கிறாள். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு தாய் எதுவுமே சொல்வதில்லை. அவருடைய கணவர் பிள்ளையைப் பார்க்க வார்டுக்கு வருவதேயில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு ஒவ்வொன்று வந்தால்தான் இந்த நோய் வரும் என்ற சிறு உண்மை அந்த வீடுகளுக்குள் இன்னும் போகவில்லை. இருவரும் காவிகள், அதாவது நோயில்லாமல் அந்த மரபணுவில் ஒன்றை மட்டும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று கணக்குப் போட்டு அடுத்த பிள்ளையைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகத்தான் தொடங்குகிறது.

இந்த மரபணு சாபமாக வந்ததில்லை. 1949 இல் ஜே.பி.எஸ். ஹோல்டேன் என்ற உயிரியலாளர் ஒரு யோசனையை முன்வைத்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் தலசீமியா இவ்வளவு பரவலாக இருக்கக் காரணம், அதில் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களை மலேரியா அவ்வளவாகத் தாக்காததாக இருக்கலாம் என்றார். 1954 இல் ஆலிசன் என்ற ஆய்வாளர், இன்னொரு பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் நோயின் மரபணுவில் அதற்கு ஆதாரம் காட்டினார். பிறகு சார்டினியாத் தீவில், மலேரியா நிறைந்த தாழ்நிலக் கிராமங்களில் தலசீமியா மரபணு கூடுதலாகவும், காய்ச்சல் எட்டாத மலைக் கிராமங்களில் குறைவாகவும் இருப்பதைக் கண்டார்கள். பப்புவா நியூகினியிலும் அதே கோலம். காய்ச்சல் பிள்ளைகளைக் கொன்ற இடங்களிலெல்லாம், அந்த மரபணுவில் ஒரு பிரதி இருந்த பிள்ளைகள் கூடுதலாகத் தப்பி வளர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்தார்கள். இயற்கைத் தேர்வுக்கு மனித உடம்பிலிருந்து கிடைக்கும் மிகத் தெளிவான உதாரணங்களில் இது ஒன்று. எத்தனையோ வருடம் கரும்பலகையில் இதை எழுதியிருக்கிறேன்.

நம் மண்ணுக்கு இந்தக் கதை அந்நியமா? 1934, 35 இல் இலங்கையில் மலேரியா ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்றது. அந்தக் கொள்ளைநோய் தென்மேற்கிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும்தான் கூடுதலாக அடித்தது. ஆனால் நம் உலர் வலயத்தில் மலேரியா வந்து போகும் விருந்தாளி அல்ல, வீட்டோடு இருந்த நோய். ஆறுகள் வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகளில் அதைப் பரப்பும் நுளம்பு பெருகும். மகாவலி கடலில் சேரும் கொட்டியாரத்துக்காரருக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. டி.டி.ரி. என்ற பூச்சி மருந்தை அடித்து 1963 இல் நாடு முழுவதிலும் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கவனம் குறைந்ததும் 1969 இல் ஐந்து லட்சத்துக்கு மேல் போனது. பூச்சி மருந்து அடிக்க வருவார்கள், சாமான்களையெல்லாம் முற்றத்தில் எடுத்து வைப்போம், மலத்தியோன் வாசம் சுவரை விட்டுப் போக நாட்கள் பிடிக்கும். என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். யுத்தக் காலத்திலும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஊழியர்கள் விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்தார்கள், நுளம்பு வலை கொடுத்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. அந்த வேலையைச் செய்தது உங்கள் துறை. அதற்கு இந்த மடலிலும் நன்றி சொல்லவேண்டும்.

காய்ச்சல் போய்விட்டது. அது தெரிந்தெடுத்துவிட்டுப் போன மரபணு அப்படிப் போகாது. ஒரு பிரதி இருப்பவர் நல்ல சுகத்தோடு வாழ்கிறார், பிள்ளை பெறுகிறார். அதனால் எத்தனையோ தலைமுறைக்கு அது நம்மிடையே இருந்துகொண்டே இருக்கும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் நம் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. மச்சானும் மச்சாளும் ஒரே பாட்டனிடமிருந்து அதே மரபணுவைப் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சொல்லும்போது பழிக்கும் குரல் வந்துவிடக் கூடாது. வார்டில் அழுகிற தாயிடம், ‘உன் பாட்டனும் உன் புருஷனின் பாட்டனும் மலேரியாவில் சாகாமல் தப்ப இது உதவியிருக்கலாம்’ என்று ஒரு வைத்தியர் சொன்னால் அந்த வீட்டில் கதை மாறும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், என் தங்கச்சியின் மாமியாரிடமே. ஆனால் ரீச்சர் சொல்வதும் டொக்டர் சொல்வதும் ஒன்றல்ல.

காவிப் பரிசோதனைக்கும் இந்தக் கதை தேவை. முழு இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் (எம்.சி.வி. என்று எழுதியிருக்கும் எண்) 80 இற்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட்டு அடுத்த பரிசோதனைக்கு அனுப்பலாம். கல்யாணத்துக்கு முன்பே, உயர்தரம் முடிக்கும் வயதிலேயே இதைச் செய்யலாம். சைப்பிரஸ் 1970களிலேயே தொடங்கி, நோயோடு பிறக்கும் பிள்ளைகளின் தொகையை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால் விளக்கம் இல்லாத பரிசோதனை பொல்லாதது. கிரேக்கத்தின் ஓர்கோமெனோஸ் பகுதியில் அரிவாள் செல் காவிகளைக் கண்டுபிடித்துச் சொன்னபோது ஊர் அவர்களைக் குறைபாடுள்ளவர்களாகப் பார்த்தது; மாப்பிள்ளை வீட்டாரிடம் அதை மறைத்துக் கல்யாணம் பேசினார்கள். இங்கேயும் பெண் பிள்ளைகளின் தலையில்தான் அது விடியும் என்பதை நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. பரிசோதனை முடிவைக் கொடுக்கும் அதே நாளில், அது ஏன் நம்மிடம் இருக்கிறது என்பதையும் கொடுங்கள்.

மரபணுத் திருத்தம் வந்துவிட்டது என்று பெற்றோர் இப்போது கேட்கிறார்கள். உண்மைதான், 2023 நவம்பரில் பிரித்தானியா தலசீமியாவுக்கும் அரிவாள் செல் நோய்க்கும் அப்படியொரு சிகிச்சையை அனுமதித்தது. அமெரிக்காவில் ஒருவருக்கு 20 லட்சம் டொலருக்கு மேல். நம் பிள்ளைகளின் காலத்தில் அது எட்டும் விலைக்கு வரலாம். அதுவரை அவர்களுடைய இதயம் தாங்கவேண்டும், அதற்குத்தான் இந்த ஸ்கேனும் இரும்பு எடுக்கும் மருந்தும்.

ஆகவே நடைமுறைக்கு. மாவட்டத்தில் இரத்தம் ஏற்றும் பிள்ளைகள் அனைவரின் பெயரும், கடைசி டி2 ஸ்டார் எண்ணும் திகதியும் உள்ள ஒரு பட்டியல் பிராந்தியப் பணிமனையில் இருக்கட்டும். ஸ்கேன் எடுக்காதவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மயக்க மருந்து இல்லாமல் படுத்து மூச்சைப் பிடிக்கக்கூடிய வயது, எட்டு முதல் பத்து, வந்ததும் முதல் ஸ்கேன். எண்ணைப் பொறுத்து அடுத்ததை எப்போது எடுப்பது என்று வைத்திய நிபுணர் தீர்மானிக்கட்டும். கொப்பியில் ஒட்டும் தாளைத் தமிழில் எழுதிக் கொடுக்க நானும், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். சிங்களத்திலும் எழுதக்கூடியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். இரத்தம் ஏற்றும் நாட்களில் வார்டுக்கு வந்து பெற்றோரோடு உட்கார்ந்து விளக்கவும் வருவோம், கட்டணம் எதுவும் வேண்டாம். வைத்திய நிபுணர் ஒருவர் பார்த்துத் திருத்தி, கையெழுத்திட்டுத் தந்தால் போதும்.

மே 8 உலக தலசீமியா தினம். அடுத்த மே மாதத்துக்கு முன் அந்தப் பட்டியலையாவது தொடங்கிவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். எங்களை எந்த நாளில் வரச் சொன்னாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.